தம்புசாமி புகழ்ந்த டயர்

தம்புசாமியின் வாயிலிருந்து ஒரு பொருளைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால், அந்தப் பொருளுக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். இப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, அவருடைய தம்பி சுகுமாறனின் பெண்சாதி உஷாராணிதான். அவளிடம் காரணமும் இருந்தது. தீபாவளிக்கு அவள் வாங்கிய மிக்சியைத் தட்டிப் பார்த்து, "மோட்டார் நல்ல மோட்டார்" என்றார். பொங்கலுக்குள் அது புகைந்து போனது. கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அரோவானா மீனைக் குனிந்து பார்த்து, "என்னா தகதகப்பு" என்றார். அந்த வாரமே அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்குக் கொள்ளிக்கண் என்று பெயர். பெரியத்தான் வருகிறார் என்றால் புதுச் சாமான் எல்லாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.

கண்ணில் கொள்ளி இருந்ததோ என்னவோ, வயிற்றில் இருந்தது மெய். தம்பி மேல் அவருக்கு இருந்த எரிச்சல் நேற்று இன்று வந்ததல்ல. அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம். மூத்தவனுக்கு அப்பாவின் இடுப்பு வாரும், இளையவனுக்குப் புதுச் சைக்கிளும் கிடைத்தன. மூத்தவர் சுங்கை வே தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே லோரி ஓட்டி முதுகு வளைந்தார். இளையவர் அதே துறைமுகத்தில் குளிர்சாதன அறைக்குள் மேனேஜராக உட்கார்ந்தார். தம்பி கிள்ளானில் மாடி வீடு வாங்கினபோது, "அது வெள்ளம் வர்ற எடமாச்சே" என்றார் தம்புசாமி. தம்பி மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, "படிச்சவனெல்லாம் கிராப் டாக்சி ஓட்டுறான்" என்றார். தம்பி தலைமுடி ஐம்பத்தைந்து வயதிலும் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, "சாயம் நல்ல சாயம்" என்றார். அதில் மட்டும் அவர் கண் பலிக்கவில்லை. முடி அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. ஸ்டேரிங்கைப் பிடிக்கிற விஷயம். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் மணவறைக்குப் போவது மூத்த தாய்மாமன் காரில்தான். மாமன் இறக்கிவிட்டால்தான் அவள் கோயில் வாசலில் காலை வைப்பாள். மூத்த தங்கை சீதாலெட்சுமியின் பெண்கள் இரண்டு பேரையும் தம்புசாமிதான் கொண்டுபோய் இறக்கினார். இப்போது இளைய தங்கை இராஜம்மாவின் ஒரே மகள் விஷ்ணுப்ரியாவுக்குப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் கல்யாணம். இராஜம்மா புருஷன் பிள்ளைக்கு நினைவு தெரியும் முன்பே போய்ச் சேர்ந்தவர். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் குழந்தையை லோரியின் முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனவர் பெரிய மாமாதான். ஆகவே கல்யாணக் காரை யார் ஓட்டுவது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மழை வந்து கேட்கவைத்தது.

புடவை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குத் தாயையும் மகளையும் கூட்டிப் போயிருந்தார். மத்தியானம் தார் உருகுகிற வெயில். திரும்பும்போது வானம் கறுத்து, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. புழுதியும் எண்ணெயும் ஊறிய ரோட்டில் முதல் மழை விழுந்தால் அது சோப்பு நுரை மாதிரி. சிவப்பு விளக்கில் தம்புசாமி பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. சக்கரம் நின்றது, கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகி, பெரிதாகி, ஒரு சாண் தூரத்தில் நின்றது. கூறைப்புடவைப் பை பிரியாவின் மடியிலிருந்து காலடிக்குப் போயிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கினதும் அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். "என்ன மாமா, டயர் போத்தாக் லா!"

"மொட்டையா? கண்ணத் தொறந்து பாரும்மா, பூ எவ்ளோ இருக்குன்னு."

டயரில் வெட்டியிருக்கும் பள்ளத்தை மலாய்க்காரர்கள் பூ என்பார்கள். லோரிக்காரர்களும் அப்படியே சொல்லிப் பழகியவர்கள். பூ இருந்தது உண்மைதான். கார் அதிகம் ஓடாத கார், வெயிலில் நிற்கிற கார். ஆனாலும் அன்றைக்கு அது வழுக்கியது. பிள்ளை பயந்துவிட்டாள்.

மறுவாரம் இராஜம்மா போன் செய்தாள். "அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க. பிரியா சின்ன மாமா கார்ல போறேங்கிறா. கார் பெருசு, டயரும் நல்லாருக்குன்றா. நீங்க பின்னாடியே வாங்கண்ணே."

பின்னாடியே வா. அந்த வார்த்தை தம்புசாமியின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றது. மனைவி வீரம்மா சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். "தலைப்பிள்ளையா பொறந்தவன் பின்னாடி போறதா?" என்று குழம்பைக் கேட்டார்.

மறுநாள் காலை மேரு சாலையில் பரமேஸ்வரனின் டயர் கடைக்குக் காரை விட்டார். பரமேஸ்வரன் ஒரு காலத்தில் இவர் லோரிக்குக் காற்றடித்துக் கொடுத்தவனின் மகன். அவன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். பக்கவாட்டில் கோடு கோடாக வெடித்திருந்தது.

"அண்ணே, பூ இருக்கு. ரப்பர் செத்துப்போச்சு. கல்லு மாதிரி இருக்கு பாருங்க. வெயில்ல வெந்த ரப்பர் ஈரத்துல பிடிக்காது."

"டேய், நான் செலுப் டயரப் போட்டுக்கிட்டே ஈப்போ வரைக்கும் ஓட்டுனவன்டா."

பூ தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி விற்பதைத்தான் செலுப் என்பார்கள்.

"லோரி அண்ணே அது! சரக்கு ஏத்துனா அமுக்கிப் பிடிக்கும். கார் அப்படியா? தண்ணி மேல படகு மாதிரி மெதக்கும்." பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு எண்களைத் தொட்டுக் காட்டினான். "செஞ்ச வாரமும் வருஷமும் இது. இந்த டயர் செஞ்சப்ப உங்க தங்கச்சி மக ஸ்கூல் உடுப்புல இருந்திருக்கும்."

தம்புசாமி கடைக்குள் எட்டிப் பார்த்தார். "என் தம்பி கார்ல ஒன்னு போட்ருக்கான். அகலமா, பக்கவாட்டுல ஒல்லியா, கண்ணாடி மாதிரி மினுக்கும். அது இருக்கா?"

"அது பெரிய ரிம்முக்குப் போடறது பெரியவரே, உங்க காருக்குச் சேராது. காஞ்ச ரோட்டுல அது சிங்கம். மழையில அதுவே புதுசா இருந்தாத்தான் பேச்சு." பரமேஸ்வரன் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினாற்போல ஆழமான பள்ளங்கள். "இது ரொம்ப நாள் ஓடுற சாதி இல்ல. ரப்பர் மெத்து, சீக்கிரம் தேயும். ஆனா தண்ணிய வாரி வெளிய அடிக்கும். நம்ம ஊர்ல காலையில வெயிலு, மத்தியானம் அடை மழை, சாயங்காலம் ரோட்டுல ஆவி. ஒரே நாள்ல மூனு ஊரு அண்ணே. நீங்க தூரமும் போறதில்ல. இதான் தோது."

தம்புசாமி பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நகக்கண் வரை உள்ளே போனது. "ஒன்னு மட்டும் சொல்லு. தம்பி போட்ருக்கறத விட இது ஒசத்திதானே?"

"மழையில ஒசத்தி."

"அப்ப நாலையும் மாட்டு."

மாட்டி முடித்ததும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தபடி கிள்ளானைச் சுற்றினார். வந்தது. குளமாய் நின்ற இடத்தையெல்லாம் தேடிப் போய்ப் பிரேக் அடித்தார். கார் நாய்க்குட்டி மாதிரி நின்ற இடத்தில் நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை. நேரே தங்கை வீட்டுக்கு விட்டார்.

அங்கே போர்ச்சில் தம்பியின் பெரிய வெள்ளைக் கார் நின்றது. பூ அலங்காரக்காரன் பானெட்டை அளந்துகொண்டிருந்தான். பிரியா அவனிடம் ரோஜாவா ஆர்க்கிட்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உஷாராணி பழத்தட்டுகளுக்குக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். சுகுமாறன் வெள்ளைச் சட்டையில், கையில் தே தாரிக் டீயோடு, கல்யாணத்தை அவர்தான் கண்டுபிடித்தவர் போல நின்றார்.

"பிரியா, மாமா டயர் மாத்திட்டேன்மா. நாலும் புதுசு," என்றார் தம்புசாமி.

"ஓ, குட் மாமா," என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "அண்ணே, ரிப்பன் பிங்க் வேணாம், கோல்டு போடுங்க." அந்த அண்ணே பூக்காரன்.

டயரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. சுகுமாறன் மட்டும் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேநீரை ஊதினார்.

பொறாமைக்காரனுக்கு ஒரு பழக்கம். வெறுங்கையோடு திரும்பமாட்டான், குறை ஒன்றையாவது எடுத்துக்கொண்டுதான் போவான். தம்புசாமி செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் தம்பி காரின் முன்சக்கரத்தருகே குந்தினார். மகன் ஆசைப்பட்டான் என்று சுகுமாறன் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார். தாழ்த்தின கார் சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து ஓடும் என்பது லோரிக்காரருக்குத் தெரியும். வெளியே பார்த்தால் பூ புதுசு. தம்புசாமி கையைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டு, உள் ஓரத்தைத் தடவினார். வழவழவென்று வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் விரலில் சுரீரென்று ஏதோ இழுத்தது. கம்பி. ரப்பர் தேய்ந்து உள்ளேயிருந்த எஃகு நூல் வெளியே வந்திருந்தது.

அவர் நெஞ்சுக்குள் தவில் அடித்தது. தம்பியிடம் ஒரு நல்ல குறை, கையில் குத்துகிற குறை! நிமிரும்போது முகமெல்லாம் பல். அப்போதுதான் பிரியா கார்க் கதவைத் திறந்து, பாவாடை சிக்காமல் உட்கார முடிகிறதா என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள். தவில் நின்றுபோனது. ஃபெடரல் ஹைவேயில், மழையில், இந்தச் சக்கரத்து மேலே இவள்.

சொன்னார். சொன்ன விதம்தான் கெட்டுப்போனது. "டேய் சுகு, உன் டயர் குப்பையில போட வேண்டியதுடா. உள்ள கம்பி தெரியுது. இதுலயா பொண்ண ஏத்துற?"

சுகுமாறன் சிரித்தார். "ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணே? வீட்ட வாங்குனா வெள்ளம் வரும்னீங்க. புள்ள படிச்சா கிராப்னீங்க. இப்ப டயரா?"

"குனிஞ்சு பாருடா!"

"போன மாசந்தான் கழுவறப்ப பாத்தேன். பூ அப்படியே இருக்கு. இந்தச் சட்டையோட தரையில படுக்கச் சொல்றீங்களா, பூக்காரன் முன்னாடி?"

உஷாராணி கண்ணாடித்தாளைச் சரக்கென்று கிழித்தாள். "கல்யாணக் கார் ஓட்டக் கெடைக்கலன்னா இப்படியா அத்தான் பேசறது?"

"மாமா, ப்ளீஸ் லா," என்றாள் பிரியா. அது கெஞ்சலாக இருந்தது. அதுதான் வலித்தது.

வீட்டுக்கு வந்து வீரம்மாவிடம் சொன்னார். அவள் முருங்கைக்கீரையை உருவியபடி கேட்டாள். "மெய்யாலுமே கம்பியா, இல்ல உங்க வயித்துக் கம்பியா?"

அவர் கீறல் பட்ட விரலைக் காட்டினார். அவள் பார்த்தாள், நம்பினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "வாழ்நாள் பூரா அந்த மனுசன் வெச்சிருந்தது எல்லாம் சொத்தைன்னு சொல்லிட்டீங்க. இப்ப ஒன்னு நெசமாவே சொத்தையா இருக்கு, எவன் நம்புவான்? நீங்க கொறை சொன்னா அவங்களுக்குச் சிரிப்பு. நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் அவங்களுக்குப் பயமே."

தம்புசாமி அவளையே பார்த்தார். கீரை பாதி உருவியிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, இராஜம்மா வீட்டில் நலங்கு. வாசலில் பந்தல், மஞ்சள் வாசனை, உறவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில். தம்பியின் கார் சாய்வான போர்ச்சில் நின்றது. தம்புசாமி வந்தார். வேட்டியைச் சரிசெய்தார். அவர் வாழ்க்கையில் தூக்கிய பாரங்களில் துறைமுகத்து மூட்டைகளும் உண்டு. ஆனால் இப்போது தூக்கவேண்டிய வார்த்தை அத்தனையையும்விடக் கனம். தம்பியைப் புகழ வேண்டும். அதுவும் உறவு முன்னாடி. தொண்டைக்குள் மீன் முள் மாதிரி நின்றது.

காரருகே போய்ச் சக்கரத்தை மெள்ளத் தட்டினார். உரக்கச் சொன்னார்: "தம்பி! நான் எத்தனை வருசம் சக்கரத்தோட குடித்தனம் பண்ணவன். இப்படி ஒரு டயர நான் பாத்ததில்லடா. என்னா கறுப்பு! என்னா பளபளப்பு! ராஜா வீட்டுக் காருக்குக்கூட இப்படி அமையாது. ரொம்ப, ரொம்ப நல்ல டயர்!"

பந்தலில் இருந்த தலையெல்லாம் திரும்பின. உஷாராணி கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"என்னங்க!" என்று கத்தினாள் புருஷனைப் பார்த்து. "வாய வெச்சிட்டாரு! ரெண்டு கண்ணாலயும் பாத்து வாய வெச்சிட்டாரு!"

"அட விடு லா, அண்ணன் இப்பதான் முதல் தடவையா நல்ல வார்த்தை..."

"மிக்சியும் நல்ல வார்த்தைதான்! மீனும் நல்ல வார்த்தைதான்! நாளைக்குக் கல்யாணப் பொண்ணு ஏறப்போற காரு. எலுமிச்சங்காய எடுத்துட்டு வாங்கடி! நாலு டயருக்கும் வெச்சு நசுக்காம இந்தக் காரு நகரக்கூடாது."

உறவுக்காரப் பெண்கள் ஓடினார்கள். எலுமிச்சை வந்தது, குங்குமம் வந்தது. உஷாராணி மூன்று சக்கரத்துக்கு வைத்துவிட்டாள். நாலாவது, அந்த முன்சக்கரம், சரிவில் இருந்தது. பழம் நிற்காமல் உருண்டு காருக்கு அடியில் ஓடியது.

"எடுங்க!"

"வேற ஒன்னு வையேன்."

"கீழ வெச்ச பழத்த விட்டுட்டு வேற வெக்கக்கூடாது. எடுங்கன்னா!"

அண்ணன் சொல்லிக் குனியாத சுகுமாறன், பெண்சாதி சொன்னதும் பட்டு வேட்டியோடு தரையில் முழங்கையை ஊன்றினார். கையைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டுத் துழாவினார். "ஆ!" என்று இழுத்துக்கொண்டார். புறங்கையில் ரத்தக் கோடு. தலையைத் தரையோடு வைத்து, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வெளிச்சத்தை இன்னும் உள்ளே நீட்டினார்.

"என்னங்க?"

"கம்பி," என்றார். "டயர்லேர்ந்து கம்பி தொங்குது."

"பாத்தீங்களா! இப்ப சொன்னாரு, இப்பவே கிழிஞ்சிருச்சு!" என்று உஷாராணி மார்பில் கைவைத்தாள். அது அப்போது கிழிந்ததல்ல என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. தம்புசாமிக்கும் வரவில்லை.

இராஜம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சாமி காட்டிக் குடுத்திருச்சு. போதும். பொண்ணு பெரியண்ணன் கார்லயே போகட்டும். அண்ணே, உங்க டயர் புதுசுதானே?"

தம்புசாமி வானத்தைப் பார்த்தார். தன் காரின் பானெட்டில் மல்லிகைச் சரம் தொங்குவது தெரிந்தது. கோல்டு ரிப்பன் தெரிந்தது. தான் முன்னே போக, தம்பி பின்னே வருவது தெரிந்தது. "புதுசுதாம்மா," என்று பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவில் சர்க்கரைப் பாகு சொட்டியது. நலங்கில் அவர் பிரியாவுக்குச் சந்தனம் பூசியபோது பிள்ளைக்கே சிரிப்பு வந்தது. "என்ன மாமா, மொகம் லைட் போட்ட மாதிரி இருக்கு?"

அதற்குள் சுகுமாறனைக் காணவில்லை. காரைக் கொண்டு நிறுத்தின இடமும் காலி. ஆட்கள் சாப்பிட்டு முடித்து, கடைசிப் பந்தியில் பாயசம் ஊற்றும்போது வெள்ளைக் கார் மறுபடி வந்து போர்ச்சில் ஏறியது. தம்புசாமி இலையை மூடாமலே எழுந்து போனார்.

நாலு டயரும் புதுசு. சுற்றிலும் வாய்க்கால் வெட்டினாற்போல ஆழமான பள்ளங்கள்.

"எங்கடா போட்ட?" அவர் குந்திப் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"பரமேஸ்வரன் கடையில." சுகுமாறன் காயத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். "அன்னைக்கே உங்க டயர பாத்துட்டுத்தான் இருந்தேன். போய் எங்க அண்ணன் போட்டதையே போடுன்னேன். ஒரே ஒரு செட்டுதான் என் ரிம்முக்கு இருந்துச்சு. தாழ்த்துன காரையும் சரி பண்ணித் தூக்கி வெச்சிட்டான்." கொஞ்சம் தயங்கினார். "டயர் விசயத்துல உங்கள மிஞ்ச ஆளில்லண்ணே."

வேறொரு அண்ணனாக இருந்தால் அந்த வார்த்தைக்குக் கண் கலங்கியிருக்கும். தம்புசாமிக்கு வயிறு கலங்கியது. வானத்தைப் பார்த்து, மழையைப் பார்த்து, விரலை விட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அவர். போய் அதையே என்று கையைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தது இவன். சைக்கிளும் இப்படித்தான் வந்தது இவனுக்கு.

பூக்காரன் அளவெடுத்தது வெள்ளைக் காருக்குத்தான். கோல்டு ரிப்பனும் அதற்குத்தான் வெட்டியிருந்தது. ஆகவே காலையில் பெண் சின்ன மாமா காரில் ஏறினாள். இராஜம்மாவும் வீரம்மாவும் பெரியவர் காரில் பின்னால்.

கிள்ளானில் புறப்படும்போது கண் கூசுகிற வெயில். பத்து தீகா ஊரைத் தாண்டினதும் பட்டப்பகல் இருட்டி, கல்லெறிந்தாற்போல மழை. ஹைவேயில் கார்களெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு தயங்கின. முன்னே போன வெள்ளைக் கார் தயங்கவில்லை. அதன் சக்கரம் தண்ணீரை வாரி இரண்டு பக்கமும் வெள்ளை மயில்தோகையாக விரித்தது. கார் கோடு போட்டாற்போல நேரே போனது. தம்புசாமி அந்தத் தண்ணீரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"பாத்தீங்களா, எவ்ளோ நல்லா பிடிக்குது," என்றாள் இராஜம்மா பின்சீட்டிலிருந்து.

"நம்மதும் பிடிக்குது," என்றார் அவர்.

"அதத்தாண்ணே சொல்றேன்."

"நீ அதப் பாத்துத்தான் சொன்ன."

வீரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் மழை தூறலாகியிருந்தது. கோயில் வாசலில் வெள்ளைக் கார் நின்றது. சுகுமாறன் இறங்கிக் குடையை விரித்தார். பெண் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, பின்னால் வந்து நின்ற காரைப் பார்த்து, "பெரிய மாமா வந்து கதவத் தொறக்கட்டும்," என்றாள். வழக்கத்தின் பாதி இன்னும் அவருக்கு இருந்தது.

தம்புசாமி போய்க் கதவைத் திறந்து, கையைக் கொடுத்தார். மருதாணிக் கை ஜில்லென்று வந்து பிடித்துக்கொண்டது. புடவையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஆடவே இல்ல மாமா. அவ்ளோ மழையிலயும் தூக்கமே வந்திருச்சு."

தம்புசாமி குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட, பள்ளம் பள்ளமாக, கருகருவென்று இருந்தது. தான் தேர்ந்தெடுத்த டயர், தம்பி காரில் தன் காரில் இருப்பதைவிட எடுப்பாக இருந்தது. நெஞ்சு எரிந்தது. இந்த முறை தொண்டையில் முள் நிற்கவில்லை, வார்த்தை தானாகவே வந்துவிட்டது.

"நல்ல டயரும்மா," என்றார், மனதார.

குடைக்குக் கீழே நின்ற உஷாராணி ஒரு கையால் மணப்பெண்ணைக் கோயில் பக்கம் தள்ளினாள். இன்னொரு கை அர்ச்சனைத் தட்டில் எலுமிச்சையைத் தேடியது.